பக்கத்துக்கு உருவம் கொடுத்த ஆல்டஸ்

டி.டி.பி. வேலை தெரிந்தவர்களுக்கு பேஜ்மேக்கர் என்ற பெயர் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கங்களை அமைக்க உதவும் மென்பொருள் அது. 1985-ம் ஆண்டு, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் கம்பெனி ஒன்று அதை வெளியிட்டது. கல்யாணப் பத்திரிகை முதல் புத்தகங்கள் வரை நம் ஊர் அச்சகங்களில் பல ஆண்டுகள் அதில் தயார் ஆயின.

அதில் மாஸ்டர் பக்கம் என்று ஒன்று உண்டு. ஓரங்களில் எவ்வளவு இடம் விட வேண்டும், புத்தகத்தின் பெயர் எங்கே வரவேண்டும், பக்க எண் எங்கே வரவேண்டும் என்பதை அதில் ஒரே ஒரு முறை அமைத்தால் போதும். புத்தகம் 300 பக்கமானாலும் எல்லாப் பக்கங்களும் அதே உருவத்தில் வந்துவிடும். எண் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி வைத்தால், எண்கள் தாமாகவே ஏறிக்கொள்ளும். இடது பக்கத்துக்கு ஒரு மாஸ்டர், வலது பக்கத்துக்கு ஒரு மாஸ்டர். மாஸ்டரில் ஒரு கோட்டை நகர்த்தினால் அந்தப் பக்கங்கள் அத்தனையிலும் கோடு நகரும்.

இதை வெளியிட்ட கம்பெனியின் பெயர் ஆல்டஸ். அது 1985-க்கு 470 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் அச்சுக்காரரின் பெயர்!

வாத்தியார்

ஆல்டஸ் மனூசியஸ், இத்தாலியில் ரோம் நகருக்குத் தெற்கே உள்ள பாசியானோ என்ற சிற்றூரில், 1450-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். லத்தீனும் கிரேக்கமும் படித்தார். கார்ப்பி என்ற சிற்றரசின் இளவரசர்களுக்கு வாத்தியார் ஆனார்.

கிரேக்கம் சொல்லிக் கொடுக்க நல்ல புத்தகங்கள் கிடைக்கவில்லை. பெரும்பாலும் கையால் எழுதிய பிரதிகள்தான். ஒரே ஒரு பிரதி உள்ள நூலில் தீப்பட்டால் அந்த நூலே உலகத்தில் இல்லாமல் போய்விடும். 1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த பிறகு, கிரேக்கப் பண்டிதர்கள் பலர் ஏடுகளோடு இத்தாலிக்கு வந்தார்கள். வெனிஸ் நகரில் அவர்கள் நிறைய இருந்தார்கள்.

1490-ம் ஆண்டு வாக்கில் ஆல்டஸும் வெனிஸுக்குப் போனார். வயது நாற்பது. கையில் பணம் இல்லை. தொழிலும் புதிது. அந்த வயதில் யார் துணிவார்கள்?

ஆந்திரேயா தொரெசானி என்ற அச்சுக்காரரும், பார்பரிகோ என்ற செல்வந்தரும் முதல் போட்டார்கள். ஆல்டஸின் பங்கு மிகச் சிறியது. அறிவுதான் அவருடைய முதல். 1495-ல் ஒரு கிரேக்க இலக்கணம் வந்தது. 1498-க்குள் அரிஸ்டாட்டில் நூல்கள் ஐந்து பெரிய பாகங்களாக வந்துவிட்டன.

வீட்டில் பண்டிதர்கள் கூடுவார்கள். அங்கே கிரேக்கத்தில்தான் பேச வேண்டும் என்று சட்டம். வாய் தவறி வேறு மொழி பேசினால் அபராதம்! அந்தப் பணம் சேர்ந்ததும் விருந்து.

முப்பது வரி

1499-ல் பெரோத்தி என்பவர் எழுதிய பெரிய லத்தீன் சொல் நூலை ஆல்டஸ் அச்சிட்டார். அக்காலத்தில் எண் போட்டாலும், தாளுக்கு ஓர் எண் போடுவதுதான் வழக்கம். இந்த நூலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருந்தது. வரிகளுக்கும் எண் இருந்தது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் பிரதியிலும் பக்கங்கள் ஒன்றுபோல இருந்தால்தான் இது நடக்கும்.

1501-ல் வர்ஜில் என்ற ரோமானியக் கவியின் நூல் வந்தது. அதுவரை இப்படிப்பட்ட நூல்கள் பெரும்பாலும் மேஜையில் கிடத்திப் படிக்க வேண்டியவை. கவிதை நடுவில் இருக்கும். உரை அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல் நிற்கும். ஆல்டஸ் உரையை எடுத்துவிட்டார். பக்கத்துக்கு 30 வரி, சுற்றிலும் வெள்ளை இடம். கையில் பிடித்து நடந்துகொண்டே படிக்கலாம். சிறிய அளவில் ஜெபப் புத்தகங்கள் முன்பே உண்டு. ஆனால் பழைய கவிகளை அப்படிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர் இவர்தான். பிறகு ஹோரஸ், தாந்தே என்று பல கவிகளின் நூல்களும் அதே உருவத்தில் வந்தன.

அச்சில் இது லேசான காரியம் அல்ல. ஒரு தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம், மறு முகத்தில் எட்டுப் பக்கம். சில பக்கங்கள் தலைகீழாக நிற்கும். மடித்து வெட்டினால் 16 பக்கமும் வரிசையாக வரவேண்டும். ஓர இடம் ஓர் இழை தவறினாலும் புத்தகம் கோணலாகும். அதனால் கைஅச்சுக் காலத்துத் தொழிலாளிகள் ஒரு வழி கண்டார்கள். ஒரு பாரம் அடித்து முடிந்ததும் எழுத்துக்களை மட்டும் எடுப்பார்கள். இரும்புச் சட்டம், இடைவெளி விடும் மரக்கட்டைகள், மேலே நிற்கும் தலைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். அடுத்த பக்கங்களை அந்தக் கூட்டுக்குள் இறக்குவார்கள். மாஸ்டர் பக்கத்தின் பாட்டன் அந்தக் கூடுதான்!

திருட்டு அச்சு

வர்ஜில் நூலில் வந்த சாய்வெழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நூலிலேயே ஆல்டஸ் அவரைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அந்த எழுத்தின் உரிமையை வெனிஸ் அரசிடம் தம் பெயரில் வாங்கிக் கொண்டார். கிரிஃபோ மனம் கசந்து பிரிந்து போனார். ஆல்டஸ் செய்தது நியாயம் என்று சொல்ல முடியாது.

அவருக்கும் ஓர் அடி விழுந்தது. பிரான்சில் லியோன் நகரத்து அச்சுக்காரர்கள் அதே எழுத்து, அதே அளவு, அதே பக்க அமைப்பில் போலிகளை அடித்து விற்றார்கள். வெனிஸ் சட்டம் அங்கே செல்லாது. 1503-ல் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போலி நூல்களில் காகிதத்துக்குக் கெட்ட நாற்றம் உண்டு என்றார். அவற்றில் உள்ள பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பட்டியலைப் பார்த்தே பிழைகளைத் திருத்திக் கொண்டார்கள்!

போரும் முடிவும்

1505-ல் தொரெசானியின் மகள் மரியாவை மணந்தார். மனைவி வயதில் மிக இளையவர். மறு ஆண்டு ஒரு பயணத்தில், மாந்துவா நாட்டுக் காவலர்கள் சந்தேகத்தில் அவரைப் பிடித்துச் சில நாள் அடைத்து வைத்தார்கள். 1509-ல் போர் வந்தது. ஐரோப்பிய அரசுகள் பல சேர்ந்து வெனிஸைத் தாக்கின. அச்சுக்கூடம் மூடப்பட்டது. ஆல்டஸ் குடும்பத்தோடு ஊரை விட்டு வெளியேறினார். 1512-ல் திரும்பி வந்து மீண்டும் தொடங்கினார். அடுத்த ஆண்டே பிளேட்டோவின் நூல்களைக் கிரேக்கத்தில் அச்சிட்டார்.

1515-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி காலமானார். வெனிஸ் மாதா கோவில் ஒன்றில் உடலை வைத்து, அவர் அச்சிட்ட புத்தகங்களை அதைச் சுற்றி அடுக்கினார்கள். மகன் பாவ்லோவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பாட்டனார் தொரெசானி அச்சுக்கூடத்தைக் காப்பாற்றி வைத்தார். பிற்காலத்தில் பாவ்லோவே அதை நடத்தினார்.