சந்து செய்யச் சென்ற பெருமகன்

பெத்தேலை அடுத்த மலைநாட்டில் ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் பூசல் விளைந்தகாலை, மூத்தவராகிய ஆபிரகாம் வேண்டிய பக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்கே விட்டுக்கொடுத்த செய்தியை நாம் ஆதியாகமத்திற் படித்திருக்கின்றோம். நிலத்தைப் பகுத்துப் பகையைத் தீர்க்கும் அம்முறை, அதே நாட்டில் 1948-ஆம் ஆண்டில் மீண்டும் முயலப்பட்டது. இம்முறை முயன்றவர் அந்நாட்டினருமல்லர். ஆண்டு ஒரு சாண் நிலமேனும் உடையவருமல்லர். சுவீடன் நாட்டு அரசகுலத்திற் பிறந்த போல்கே பெர்னடாட் பிரபுவே அவர்.

அவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரிற் பிறந்தார். பாட்டனார் இரண்டாம் ஆஸ்கார் மன்னர். தந்தையார் ஆஸ்கார் இளவரசர், அரசகுலத்துப் பிறவாத எப்பா மங்க் என்னும் நங்கையை 1888-இல் மணந்தமையால் அரியணை உரிமையை இழந்தார். இழந்ததற்கு வருந்தாது கிறிஸ்தவ ஊழியத்தில் வாழ்நாளைச் செலவிட்டார். காதலித்தவளுக்காகவும் மனச்சான்றுக்காகவும் தந்தை ஓர் அரசுரிமையையே விட்டுக்கொடுத்த இல்லத்தில் வளர்ந்தவர் மைந்தர் என்பதை நாம் மறத்தலாகாது. போல்கே குதிரைப்படை அதிகாரியானார். 1928-இல் எஸ்டெல் மான்வில் என்னும் அமெரிக்கச் செல்வமகளை மணந்தார். பிறந்த மைந்தர் நால்வருள் இருவரை இளமையிலேயே பறிகொடுத்தார். சாரணர் இயக்கத்திலும் பொருட்காட்சிகளிலும் பணியாற்றினார். ஐம்பது வயதை அணுகும்வரை, உலகம் அவரை நினைவிற்கொள்ளக் காரணம் யாதுமில்லை என்றே சொல்லலாம்.

இரண்டாம் உலகப்போர் அவரை வெளிக்கொணர்ந்தது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத்தலைவராகிய அவர், 1945 பிப்ரவரியில் ஜெர்மனி சென்று, கொடுமைக்கே உருவாகிய ஹிம்லரை நேரிற் கண்டு பேசினார். அதன் பயனாக, வெண்ணிறம் பூசிச் செஞ்சிலுவை தீட்டிய பேருந்துகள் வதைமுகாம்களிலிருந்து 15,000 பேருக்குக் குறையாத கைதிகளை மீட்டுச் சென்றன. மீட்கப்பட்டோருள் நார்வே, டென்மார்க் மக்களேயன்றி யூதரும் பிறநாட்டாரும் பலர் இருந்தனர். ஆயினும் ஒன்று கூறாதொழிதல் முறையன்று. தம் நாட்டவர்க்கு அண்டையராகிய கைதிகளுக்கு ஒரு முகாமில் இடம் உண்டாக்கும்பொருட்டு, நோயுற்ற ஏறத்தாழ 2,000 வேற்றுநாட்டுக் கைதிகளை அப்பேருந்துகளே வேறு முகாம்களுக்கு ஏற்றிச்செல்ல நேர்ந்தது. கொடியவனோடு பேரம் பேசுவார் கை கறைபடாமல் மீள்வது அரிது போலும்!

இனிப் பாலஸ்தீனத்திற்கு வருவோம். அந்நாட்டை யூத அரசு, அரபு அரசு என இரண்டாகப் பகுத்து, எருசலேமை உலகப் பொதுநகராக்குவதென 1947 நவம்பர் 29-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பேரவை 33 வாக்குகளால் தீர்மானித்தது, எதிர்த்தவை 13. யூதத் தலைவர்கள் ஏற்றனர். அரபு மக்கள் மறுத்தனர். 1948 மே 14-ஆம் நாள் இஸ்ரவேல் அரசு நிறுவப்பட்டது. மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் புகுந்தன. மே 20-ஆம் நாள் பெர்னடாட் நடுவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ரால்ப் பஞ்ச் என்னும் அமெரிக்க நீக்ரோ அறிஞர் உடன் சென்றார். ரோட்ஸ் தீவில் தங்கி, வெண்ணிற விமானத்தில் ஓயாது பறந்து, ஜூன் 11-ஆம் நாள் நான்கு வாரப் போர்நிறுத்தத்தை ஏற்படுத்தினார். ஏறத்தாழ மூன்று வாரத்தில் இத்துணை செய்தது பெருஞ்செயலே.

அவர் தவறியதும் அப்பொழுதே. ஜூன் மாத இறுதியில் வெளியிட்ட முதற் கருத்துரையில், எருசலேமை அரபுப் பகுதியோடு சேர்க்கலாம் என்றும், தென்பாலைநிலமாகிய நெகேபை அரபியர்க்கும் அதற்கு ஈடாக மேற்குக் கலிலேயாவை யூதர்க்கும் அளிக்கலாம் என்றும், யோர்தானுக்கு அக்கரை நாட்டோடு முழுவதையும் ஓர் ஒன்றியமாக்கலாம் என்றும் எழுதினார். நகரிலே ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர் வாழ, அதனை மன்னர் அப்துல்லாவிடம் ஒப்புவிக்க எண்ணியது, நல்லெண்ணத்தாற் செய்யப்பட்டதாயினும் பிழையே. இஸ்ரவேலர் சினந்தனர். யூத அரசு ஒன்று உண்டென்று ஒப்பியமையால் அரபியரும் வெகுண்டனர். பாலஸ்தீன அரபு மக்களையோ, எம்மன்னன் கீழ் வாழ விரும்புகின்றீர் என்று எவரும் கேட்டிலர். கல்லூரிச் சொற்போர் மன்றத்தில் இத்தகைய பொருளை ஒரு மாலையில் ஆய்ந்து, கையுயர்த்தி முடிவு செய்துவிடுகின்றோம். வரைபடத்தில் நாம் இழுக்கும் மைக்கோடு எவருடைய வீட்டிற்கும் கிணற்றிற்கும் இடையே செல்கின்றதென்று நமக்குத் தெரிவதில்லை. பெர்னடாட்டுக்கும் அன்று தெரியவில்லை.

பின்னர்த் தெரிந்தது. ஜூலையிற் போர் மீண்டும் மூண்டு, லித்தா, ராம்லே நகரங்களின் அரபு மக்கள் வெளியேற்றப்பட்டனர். இரண்டாம் போர்நிறுத்தம் ஜூலை 18-இல் தொடங்கிய பின்பு, ராமல்லாவில் அவ்வேதிலிகள் குவிந்து கிடந்த நிலையைப் பெர்னடாட் தம் கண்ணாற் கண்டார். பெத்தேல் என்று கருதப்படும் இடம் அங்கிருந்து சிறு தொலைவே. வீடிழந்த மக்கள் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டனர். அவர்களைத் திரும்பவிடுமாறு இஸ்ரவேல் அரசை வற்புறுத்தினார். போர் நடக்கையில் அது இயலாதென அவ்வரசு மறுத்தது.

செப்டம்பர் 16-ஆம் நாளிட்ட இரண்டாம் அறிக்கையில் அவர் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தினார். ஒன்றியம் என்னும் எண்ணம் விடப்பட்டது. இஸ்ரவேல் அரசு நிலைபெற்றதென ஒப்பப்பட்டது. எருசலேம் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வைக்கு உரியதாயிற்று. ஏதிலிகள் திரும்பும் உரிமை வலியுறுத்தப்பட்டது. நெகேபும் கலிலேயாவும் முன்போலவே மாற்றிக்கொள்ளப்படுமாறு கூறப்பட்டன. அரபுப் பகுதியை அக்கரை நாட்டோடு இணைக்கலாம் என்னும் குறை மட்டும் எஞ்சி நின்றது. தாம் எழுதியதைப் பன்னிரண்டு வாரத்திற்குள் தவறென்றுணர்ந்து மாற்றியெழுதும் துணிவு ஆட்சியாளரிடம் மிகுதியும் காணப்படுவதன்று.

மறுநாள், 17-ஆம் நாள் மாலை, அவர் எருசலேமில் கத்தமோன் பகுதி வழியே காரிற் சென்றார். படைக்கலம் ஏந்திய காவலர் இலர். ஒரு ஜீப் வண்டி வழிமறித்தது. சீருடை தரித்த ஒருவன் நெருங்கி, சாளரத்தின் வழியே சுட்டான். பெர்னடாட்டும், அருகிலிருந்த பிரெஞ்சுக் கர்னல் செரோவும் மாண்டனர். முகாமொன்றிலிருந்து தம் மனைவி மீட்கப்பட்டதற்கு நன்றி கூறவே செரோ அவ்விடத்தில் அமர்ந்தார் என்பர். சுட்டவர் லேஹி என்னும் யூதத் தீவிரக் குழுவினர். எருசலேமை அரபியர்க்கு அளிக்க முனைந்தவர் என்ற சினம் அவர்கள் நெஞ்சில் இருந்தது. அக்கருத்தை அவர் கைவிட்ட அறிக்கையோ அன்று வெளிவந்திலது. படித்திருப்பினும் அவர்கள் மனம் மாறியிருப்பர் என்று யான் கருதவில்லை. கொலைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர். லேஹித் தலைவர் மூவருள் ஒருவராகிய இட்சாக் ஷமீர் 1983-இல் அந்நாட்டின் பிரதமரானார்.

அவர்தம் நிலப்பங்கீட்டைப் பேரவை ஏற்கவில்லை. நெகேப் சில திங்களிற் போரினால் இஸ்ரவேல் வசமாயிற்று. ஏதிலிகளைப் பற்றிய கருத்து மட்டும் 1948 டிசம்பர் 11-ஆம் நாள் நிறைவேறிய 194-ஆம் தீர்மானத்தில் இடம்பெற்றது. பஞ்ச் அவர் பணியைத் தொடர்ந்து, 1949-இல் எகிப்து, லெபனான், யோர்தான், சிரியா ஆகிய நாடுகளோடு போரோய்வு உடன்பாடுகளைச் செய்வித்து, 1950-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அன்று வரைந்த கோடுகள் படைகள் நின்ற இடங்களைப் பெரும்பாலும் பின்பற்றின. நீதி எவ்விடத்ததென்று ஆராய அவருக்குக் காலமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸ்ரவேலின் அயல்நாட்டு அமைச்சர் ஷிமோன் பெரெஸ் அக்கொலைக்குத் தம் அரசின் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள், பாலஸ்தீனியரோடு நிலத்தைப் பகிர உடன்பட்ட பிரதமர் இட்சாக் ராபின், அதனை வெறுத்த யூத இளைஞனொருவனால் டெல் அவீவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.