எல்லை கடந்த குரல்

ஐதராபாத் நகரின் பஷீர்பாக் பகுதியில் ஒரு சாலை உஸ்தாத் படே குலாம் அலி கானின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் இந்நகரில் பிறந்தவர் அல்லர். எனினும், அவருடைய வாழ்வு இங்குதான் நிறைவுற்றது. பாடகர், பாடலாசிரியர், இசை ஆசிரியர் என மூவகையாலும் புகழ்பெற்ற அப்பெரியாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிரிக்கப்படாத பஞ்சாபில், லாகூருக்கு அருகிலுள்ள கசூர் என்னும் ஊரில், 1902ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையின் உடன்பிறந்தாரான காலே கானிடம் இசை பயிலத் தொடங்கினார். பின்னர்த் தந்தை அலி பக்ஷ் கானிடமும் கற்றார். இளமையில் சாரங்கி என்னும் நரம்புக் கருவியைப் பிறருக்குப் பக்கவாத்தியமாக வாசித்தார். 1938இல் கல்கத்தாவில் பாடிய கச்சேரி, அவரைச் சிறந்த பாடகராக நாடறியச் செய்தது.

இந்துஸ்தானி இசையில் குருவழி வரும் மரபைக் கரானா என்பர். அக்காலத்தில் ஒரு கரானாவைச் சார்ந்தோர் பிறிதொன்றின் முறையை எளிதில் ஏற்றதில்லை. அவரோ தம் பாட்டியாலா மரபுடன் குவாலியர், ஜெய்ப்பூர் மரபுகளின் நலன்களையும் இணைத்துக்கொண்டார். கயால் என்னும் செவ்விசை வடிவத்திலும், தும்ரி என்னும் மென்மையான வடிவத்திலும் ஒருங்கே தேர்ந்திருந்தார். நீண்ட ஆலாபனை பெருந்திரளான மக்களுக்கு ஏற்றதன்று எனக் கருதி, அதனைச் சுருக்கிப் பாடினார். சப்ரங் என்னும் புனைபெயரில் பாடல்கள் பல இயற்றினார். எல்லா வண்ணங்களும் என்பது அப்பெயரின் பொருள். மேடையிலேயே கற்பனையால் இசையை வளர்ப்பது அமெரிக்க ஜாஸ் இசைக்கும் நம் இசைக்கும் பொதுவான இயல்பு. அத்திறனில் அவர் ஒப்பற்று விளங்கினார். கருநாடக இசை மேதை ஜி. என். பாலசுப்பிரமணியம் அவருடைய இசையைப் பெரிதும் போற்றினார்.

1947இல் நாடு பிரிந்தபோது கசூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அங்குச் சென்ற அவர், சில காலத்திற்குப்பின் இந்தியாவிற்கே திரும்பினார். மொரார்ஜி தேசாயின் உதவியால் 1957இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பிறந்த மண்ணை விட்டு, தம் இசை வளர்ந்த நாட்டைத் தேர்ந்துகொண்டது எளிய முடிவன்று. 1960இல் வெளிவந்த முகலே ஆசம் திரைப்படத்தில், நௌஷாத்தின் இசையில் இரு பாடல்களைப் பாடினார். 1962இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன.

தாம் பெற்ற கலையைத் தம் குடும்பத்தாருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் கற்பித்தார். மகன் முனவ்வர் அலி கானுடன், மீரா பானர்ஜி, சந்தியா முகர்ஜி, மாலதி கிலானி முதலியோரும் அவரிடம் பயின்றனர்.

இறுதி ஆண்டுகளில் நெடுநாள் நோயால் அவருடைய உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. பாடகருக்கு மூச்சும் உடலுமே கருவிகள். அக்கருவி தளர்ந்த பின்னும் அவர் மனம் தளரவில்லை. மகனின் துணையுடன் மேடையேறித் தொடர்ந்து பாடினார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பஷீர்பாக் அரண்மனையில் அவர் உயிர் நீத்தார். ஐதராபாத்தின் தாயிரா மீர் மோமின் அடக்கத்தலத்தில் அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பெற்றது.

மண்ணில் மனிதர் வகுத்த எல்லை அவருடைய ஊரையும் நாட்டையும் பிரித்தது. ஆனால், ஒலிப்பதிவுகளில் வாழும் அவருடைய குரலை இரு நாட்டு மக்களும் இன்றும் தமதாகவே கொண்டு கேட்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
ஒருங்கே – ஒருசேர
திங்கள் – மாதம்
பிறிது – மற்றொன்று

வினாக்கள்
1. சப்ரங் என்னும் புனைபெயர் அவருக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. அவர் ஆலாபனையைச் சுருக்கிப் பாடியது ஏன்?
3. நோயுற்ற பின்னும் அவர் பாடியதிலிருந்து நீங்கள் அறிவது யாது?