ஒலிம்பிக் வாசலைத் திறந்த ஆசிரியர்



ஒலிம்பிக் என்றதும் நம் நினைவுக்கு வருவது பதக்கமும் வெற்றி மேடையும்தான். ஆனால் அந்த மேடைக்கு வெகு தூரம் முன்பே ஒரு வாசல் இருக்கிறது. தகுதி பெறுதல் என்பது அதன் பெயர். கால்பந்தில் ஒவ்வொரு கண்டத்திற்கும் சில இடங்களே உண்டு. அவற்றுக்காகப் பல நாடுகள் தம்முள் மோதும். வென்றவர் பயணப்படுவர், தோற்றவர் வீட்டிலிருந்து செய்தித்தாளில் படித்துக்கொள்வர்.

நம் பாரத நாட்டின் ஆண்கள் அணி, களத்தில் ஆடி வென்று அந்த வாசலைக் கடந்தது ஒரே ஒரு முறைதான். அது 1960ஆம் ஆண்டு. கடக்கச் செய்தவர் செல்வந்தரல்லர், அதிகாரியுமல்லர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காகக் கால்பந்து ஆடினார். பின்னர் ஆசிரியப் பணியை ஏற்று நகரின் பல பள்ளிகளில் கற்பித்தார். பாடம் சொல்லித் தருவதோடு நில்லாமல் உடற்பயிற்சிக் கல்வியும் பயின்று, மாலை வேளைகளில் மாணவரைத் திடலுக்கு அழைத்துச் சென்றார். 1943இல் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். இறுதிவரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

வகுப்பறையில் கற்ற பாடத்தைத் திடலிலும் மறவாதவர் ரஹீம். அந்நாளில் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து பேரை ஏமாற்றி ஓடுபவனே சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் பெற்றிருந்தான். ரஹீம் அதை ஏற்கவில்லை. பந்து ஒருவனுடைய சொத்தன்று, அணியின் சொத்து என்பது அவர் கொள்கை. எனவே பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே தோழனுக்குத் தர வேண்டும் என்ற விதியோடு இளைஞருக்குப் போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். பலவீனமான காலை மறைத்து வைக்காதே, அதையும் பழக்கு என்பதே அதன் பொருள். கணக்கில் பின்தங்கியவளைக் கரும்பலகைக்கு அழைக்கும் ஆசிரியையை நாம் அறிவோம் அல்லவா? அதுபோன்றதுதான் இதுவும்.

1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி அவர் பயிற்சியில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கோப்பை வேறு எவர் கைக்கும் போகவில்லை. நாட்டின் அணிக்கும் அவரே பயிற்சியாளரானார். 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. நாடே மகிழ்ந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது.

நம் ஆட்டக்காரர்களில் பலர் அக்காலத்தில் வெறுங்காலோடுதான் ஆடினர். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் அப்படியே. அங்கே பிரான்சிடம் 2–1 என்ற கணக்கில் தோற்றாலும், நம் எல்லையை அடுத்த பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை அடித்தார். காலணியின்றியும் வெள்ளையர் நாட்டில் ஈடுகொடுக்கலாம் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1952இல் ஹெல்சிங்கி நகரில், குளிரில், யூகோஸ்லாவியாவை எதிர்த்து நின்றபோது அந்த எண்ணம் தூளானது. இந்தியா அடித்தது ஒரே கோல், வாங்கியது பத்து.

பத்துக்கு ஒன்று என்ற தோல்வியோடு ஊர் திரும்பும் பயிற்சியாளரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? பழியைக் குளிரின் மீது போட்டிருக்கலாம். விதியின் மீது போட்டிருக்கலாம். தோல்வியையே பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டார் ரஹீம். அதன்பின் இந்திய ஆட்டக்காரர் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. வெறுங்காலில் பழகியவருக்குப் பூட்ஸ் விலங்கு மாட்டியது போலிருந்தது. ஓட்டமும் உதையும் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கின. இன்று நம் பக்கத்துப் பர்கூர் சிப்காட்டில் நம் ஊர்ப் பெண்கள் விளையாட்டுக் காலணிகள் தைத்து உலகுக்கு அனுப்புகின்றனர். அவற்றைக் காணும்போதெல்லாம், காலணி அணியவே கற்க வேண்டியிருந்த அந்த அணியை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். அப்போதும் இந்தியா ஆடித் தகுதி பெற வேண்டிய நிலை ஏற்படவில்லை. முதற்சுற்றில் எதிர்த்து ஆட வேண்டிய ஹங்கேரியும் விலகிக்கொண்டது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் எவர் தயவுமின்றி ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதன்முறை. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்து முந்தியது இந்தியா. முடிவில் 4–1 எனத் தோற்றது. பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் எட்டிய உச்சம் அதுவே.

ஆயினும் உண்மையான தேர்வு இனிமேல்தான் இருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பதினாறு அணிகளுக்கே இடம். ஆசிய அணிகள் ஒன்றையொன்று வென்றே போக வேண்டும். ஒருவர் நாட்டில் ஓர் ஆட்டம், மற்றவர் நாட்டில் ஓர் ஆட்டம் என்பது முறை. முதலில் ஆப்கானிஸ்தானை இந்தியா வென்றது. அடுத்து எதிரே நின்றது இந்தோனேசியா. எளிய அணியன்று, 1956இல் தங்கம் வென்ற சோவியத் அணியையே ஓர் ஆட்டத்தில் கோல் அடிக்க விடாமல் தடுத்து நிறுத்திய அணி. 1960 ஏப்ரலில் கல்கத்தாவில் இந்தியா 4–2 என வென்றது. அது போதாது, ஜகார்த்தாவில் தோற்றால் எல்லாம் வீணாகலாம். அங்கும் 2–0 என வென்றது. வாசல் திறந்தது!

ரோமுக்குச் சென்ற அந்த அணியைப் பாருங்கள். தலைவர் வங்காளத்தின் பி. கே. பானர்ஜி. பஞ்சாபின் ஜர்னைல் சிங் தற்காப்பில் நின்றார். கோல் காக்கப் பீட்டர் தங்கராஜ் சென்றார். ஹைதராபாத்தில் பிறந்த தமிழரான அவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் இராணுவ வீரராக இருந்து ஆடியவர். முன்வரிசையில் துளசிதாஸ் பலராம். அவரும் செகந்தராபாத் பக்கத்து ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சிக்கு வந்து போகப் பணமில்லாத அந்தச் சிறுவனைக் கண்டெடுத்து, வழிச்செலவுக்கு உதவி ஆளாக்கியவர் ரஹீமே. ஆசிரியரின் சட்டைப்பையில் இருந்த சில காசுகள் ஓர் ஒலிம்பிக் வீரரை உருவாக்கின. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எனப் பல சமயத்தவரும் பல மொழியினரும் கலந்த அணி அது. பந்தைத் தோழனுக்குக் கொடு என்ற பாடம் எல்லாருக்கும் புரிந்தது.

ரோமில் கடினமான பிரிவு வாய்த்தது. ஹங்கேரியிடம் 2–1 எனத் தோற்றது இந்தியா. நம் கோலை அடித்தவர் பலராம். பிரான்சுக்கு எதிராகப் பானர்ஜியின் கோலால் முந்தியிருந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சமன் ஆனது. பெருவிடம் 3–1 எனத் தோற்றது. அங்கும் பலராமே ஒரு கோல் அடித்தார். பதக்கம் இல்லை. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு, உலகின் முன்னணி அணிகளோடு தோளோடு தோள் நின்று ஆடியது. பதக்கப் பட்டியலில் எழுதப்படாத வெற்றி அது.

இதற்குள் ரஹீமின் உடலில் நோய் புகுந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அவர் நலிந்திருந்தார். ஆயினும் அணியோடு சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. பின்னர் தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் மூன்றையும் வென்று இறுதிப் போட்டிக்கு வந்தபோது எதிரே நின்றது அதே தென்கொரியா. அரசியல் மனக்கசப்பால் அரங்கில் கூடியிருந்த பெருங்கூட்டமோ இந்தியாவுக்கு எதிராக ஆரவாரம் செய்தது. ஜர்னைல் சிங்கின் தலையில் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரைத் தற்காப்பிலிருந்து முன்வரிசைக்கு மாற்றினார். காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜைக் கோல் காக்க இறக்கினார். செப்டம்பர் 4ஆம் நாள் பானர்ஜியும் ஜர்னைலும் கோல் அடிக்க, 2–1 என இந்தியா தங்கம் வென்றது. ஆசானுக்கு மாணவர் அளித்த கடைசிக் காணிக்கை அது.

1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. அடுத்த ஒலிம்பிக்கின் தகுதிப் போட்டியில் இலங்கையை வென்ற இந்தியா, ஈரானிடம் இரு ஆட்டங்களிலும் தோற்றது. அன்று மூடிய வாசல் ஆண்கள் அணிக்கு இன்றுவரை திறக்கவில்லை. ரஹீமின் பெயரையும் நாடு நெடுங்காலம் மறந்தே இருந்தது. 2024இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வந்தபின்தான் பலர் அவரை அறிந்தனர்.

மாணவியரே, இது ஆண்கள் ஆடிய ஆட்டத்தின் கதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்தும் உண்டு. தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தை 2018இலும் 2023இலும் நம் தமிழ்நாட்டு அணி வென்றிருக்கிறது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, தகுதிப் போட்டிகளில் ஆடியே ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. ஒலிம்பிக் வாசல் மட்டும் பெண்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்கப் போகிறவள் போச்சம்பள்ளியிலோ மத்தூரிலோ பர்கூரிலோ இப்போது வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருக்கலாம்.

அவளுக்குத் தேவை மூன்று. தோற்றால் அதிலிருந்து கற்கும் துணிவு. பலவீனமான காலையும் பழக்கும் பொறுமை. பந்தைத் தோழிக்குக் கொடுக்கும் மனம். இம்மூன்றையும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டால், தடுப்பார் யார்? கடுகு விதையும் மண்ணில் விழும்போது சிறியதுதானே!