சாண்டோர் பெரென்சி

சாண்டோர் பெரென்சி (ஜூலை 7, 1873 – மே 22, 1933) அங்கேரியைச் சேர்ந்த மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளரும் ஆவார். இவர் சிக்மண்ட் பிராய்டின் நெருங்கிய சகாக்களுள் ஒருவர். சிகிச்சை அமர்வின் நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு அல்லாமல் நோயாளியின் நிலையைக் கொண்டு தீர்மானிக்க முயன்ற முன்னோடியாக இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பெரென்சி அங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை புத்தக வணிகர். வியன்னாவில் மருத்துவம் பயின்ற பெரென்சி, பின்னர் புடாபெஸ்டில் உள்ள ரோக்குஷ் மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

பிராய்டுடன் தொடர்பு

1908 ஆம் ஆண்டு பெரென்சி முதன்முறையாகப் பிராய்டைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பிராய்டும் கார்ல் யுங்கும் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது இவரும் உடன் சென்றார். 1910 இல் நியூரம்பெர்க் மாநாட்டில், பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைக்கும் திட்டத்தை முன்மொழிந்தவர் இவரே. 1913 இல் அங்கேரிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1919 இல் அங்கேரியில் குறுகிய காலம் நிலவிய சோவியத் ஆட்சியின்போது புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவ்வாட்சி வீழ்ந்ததும் அப்பதவியை இழந்தார்.

முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பெரென்சி, 1914 இலும் 1916 இலும் பிராய்டிடம் தாமே பகுப்பாய்வுக்கு உட்பட்டார். போர்ச் சூழலால் அது சில வாரங்களே நீடித்த மூன்று கட்டங்களாக நடைபெற்றது. 1916 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகள் நடந்தன. தம் மனத்தில் பிராய்டு மீது மறைந்திருந்த கசப்பு அக்குறுகிய காலத்தில் ஆராயப்படாமல் விடப்பட்டது எனப் பெரென்சி பின்னாளில் குறைபட்டுக் கொண்டார். பிராய்டு 1937 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பெயர் குறிப்பிடாமல் இதற்கு விடை அளித்தார். அப்போது வெளிப்படாத ஒரு முரண்பாட்டைச் சிகிச்சையால் வலிந்து எழுப்ப இயலாது என்பது அவரது வாதமாக இருந்தது.

அமர்வின் கால அளவு

அக்கால உளப்பகுப்பாய்வில் நோயாளி வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மருத்துவரிடம் வருவது வழக்கம். வாரம் ஒருமுறை என்னும் இன்றைய முறை பிற்காலத்தில் பரவியதாகும். பெரென்சி முதலில் சிகிச்சையைச் சுருக்கவே முயன்றார். நோயாளிக்குக் கட்டுப்பாடுகளும் பணிகளும் விதிக்கும் செயல்முனைப்பு முறையை உருவாக்கிய இவர், 1924 இல் ஓட்டோ ராங்க்குடன் இணைந்து எழுதிய நூலிலும் சிகிச்சையை விரைவுபடுத்தும் வழிகளை ஆராய்ந்தார்.

1920களின் இறுதியில் இவரது போக்கு மாறியது. சிறு வயதில் பெரியவர்களால் வன்முறைக்கு உள்ளான நோயாளிகள், அந்த அச்சத்தை அமர்வின்போது மீண்டும் அனுபவித்தனர். அந்நிலையில், நேரம் முடிந்துவிட்டது என்று அவர்களை அனுப்பிவிடுவது பழைய கைவிடலையே மீண்டும் நிகழ்த்துவதாகும் எனப் பெரென்சி கருதினார். எனவே நோயாளி அமைதி அடையும் வரை அமர்வை நீட்டித்தார். தேவைப்பட்டால் ஒரே நாளில் மேலும் ஓர் அமர்வு அளித்தார். அமெரிக்கரான எலிசபெத் செவர்னுக்கு நாளொன்றுக்கு நான்கு, ஐந்து மணி நேரம் வரை ஒதுக்கினார். விடுமுறைப் பயணங்களின்போதும் அவருக்குச் சிகிச்சை தொடர்ந்தது.

இறுதியில் செவர்னின் கோரிக்கையை ஏற்று, மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் பகுப்பாய்வு செய்யும் முறையையும் முயன்றார். அது பயன் தந்தபோதிலும், தம் மனத்தைத் திறந்து காட்டினால் பிற நோயாளிகளின் இரகசியங்களையும் வெளியிட நேரும் என்பது போன்ற இடர்களை இவர் உணர்ந்தார். 1932 ஆம் ஆண்டு எழுதிய மருத்துவ நாட்குறிப்பில் இம்முறையின் வெற்றிகளுடன் தமது களைப்பையும் தவறுகளையும் ஒளிக்காமல் பதிவு செய்துள்ளார்.

இறுதிக்காலம்

1932 செப்டம்பரில் வீஸ்பாடன் மாநாட்டில் வாசித்த கட்டுரையில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை உண்மையில் நிகழ்வது என்றும், பெரியவர்கள் அதை மறுப்பது காயத்தை ஆழப்படுத்துகிறது என்றும் பெரென்சி வாதிட்டார். அதை வெளியிட வேண்டாம் எனப் பிராய்டு கேட்டுக்கொண்டதால் இருவருக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. கடும் இரத்தசோகையால் பாதிக்கப்பட்ட பெரென்சி, மறு ஆண்டு புடாபெஸ்டில் காலமானார்.

பிராய்டின் வரலாற்றை எழுதிய ஏர்னெஸ்ட் ஜோன்ஸ், பெரென்சி இறுதியில் மனநோய்க்கு ஆளானதாக 1957 இல் எழுதினார். பெரென்சியின் மாணவர் மைக்கேல் பாலின்ட் இதை மறுத்தார். ஆயினும் பெரென்சியின் பிற்கால எழுத்துகள் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டன. நாட்குறிப்பு 1985 இல்தான் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது.

தாக்கம்

மெலனி கிளைன், கிளாரா தாம்சன் ஆகியோரும் பெரென்சியிடம் பகுப்பாய்வு பெற்றவர்களே. பாலின்ட் பின்னாளில் இலண்டனில் குறுகிய கால உளச்சிகிச்சையை வளர்த்தார்.

செறிவான அமர்வுகள் இன்று வேறு அடிப்படையில் ஆராயப்படுகின்றன. அமெரிக்கப் படைவீரர்களின் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் குறித்து 2018 இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரங்களில் அளிக்கப்பட்ட 10 அமர்வுகள், எட்டு வாரங்களில் அளிக்கப்பட்ட 10 அமர்வுகளை விடக் குறைந்த பலனைத் தரவில்லை எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய சிகிச்சை பெரென்சியின் முறையின் நேரடித் தொடர்ச்சி அன்று. இதில் அமர்வுகளின் எண்ணிக்கையும் முடிவும் முன்பே வரையறுக்கப்படுகின்றன. பெரென்சியின் நீண்ட அமர்வுகளுக்கு அத்தகைய எல்லை இருக்கவில்லை.