விளக்கேந்திய மங்கையின் கணக்கேடு



நள்ளிரவு வேளை. வரிசை வரிசையாகக் கட்டில்கள். அவற்றினிடையே கையில் விளக்கேந்தி மெல்ல நடந்து செல்கிறார் ஒரு மங்கை. இந்தப் படத்தை நாம் எல்லோரும் பாடநூலில் பார்த்திருக்கிறோம். அவர்தாம் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். ஆனால் அம்மையாரின் மற்றொரு கையில் ஒரு கணக்கேடும் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்று மருத்துவமனைகளில் கணிப்பொறிகள் ஆயிரமாயிரம் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து மருத்துவருக்கு உதவுகின்றன. செயற்கை நுண்ணறிவு என்று அதனைப் பெருமையோடு பேசுகிறோம். நோயாளிகளின் விவரங்களை எண்ணி, ஒப்பிட்டு, அதிலிருந்து உயிர் காக்கும் வழியைக் கண்டறியலாம் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் அம்மையாரும் ஒருவர். அவரது வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

பிறப்பும் இளமையும்

1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். பெற்றோர் செல்வச் செழிப்புள்ள ஆங்கிலேயர். பிறந்த நகரின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். ஓராண்டு முன்னதாக நேப்பிள்ஸ் நகரில் பிறந்த மூத்த மகளுக்கு, அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பதைச் சூட்டியிருந்தனர்.

தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் நன்கு கற்றவர். இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். ஆனால் இளைய மகளின் உள்ளமோ கணிதத்தை நாடியது. சிறு வயதிலேயே தாம் சேகரித்த கிளிஞ்சல்களைப் பட்டியலிட்டு வைத்து மகிழ்ந்தவர் அவர். மணமாகிப் போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது அன்னையின் கேள்வி. வீட்டில் பெரும் வாக்குவாதம் நடந்தது. விடாது போராடிய பின்னரே கணிதம் கற்க இசைவு கிடைத்தது.

இறைவனின் அழைப்பு

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், பதினாறு வயதில், இறைவன் தம்மைப் பணிக்கு அழைக்கிறார் என்று அவர் உறுதியாக உணர்ந்தார். எந்தப் பணி என்பது அப்போது தெளிவாகவில்லை. பின்னர் நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதே அப்பணி எனத் தெளிந்தார். குடும்பத்தினர் திடுக்கிட்டனர். அந்நாளில் இங்கிலாந்தில் மருத்துவமனை என்பது ஏழைகள் சென்று மடியும் இடம். அங்குப் பணி செய்யும் பெண்களுக்கு நற்பெயரும் இல்லை. உயர்குடிப் பெண் ஒருத்தி அங்குச் செல்வதா?

தடை விதித்தவர்களோடு அவர் சண்டையிட்டுக் கொண்டே இருக்கவில்லை. வீட்டார் கண்விழிக்கும் முன், விடியற்காலையில் எழுந்து, மெழுகுவர்த்தி ஒளியில் மருத்துவமனை அறிக்கைகளையும் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். வீட்டை விட்டு வெளியே செல்லாமலேயே மருத்துவமனைகளைப் பற்றி விரிவாக அறிந்து கொண்டார். 1849-இல் தம்மை விரும்பிய நல்லவர் ஒருவரை மணக்க மறுத்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் மூன்று மாதம் செவிலியர் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் தலைவியானார்.

போர்முனையில்

1854-இல் இரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைச் செய்தித்தாள்கள் வெளியிட, நாடே கொதித்தது. போர்த்துறையில் அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவரது வேண்டுகோளின்படி, 38 பெண்களோடு அக்டோபர் 21-ஆம் நாள் அம்மையார் புறப்பட்டார். அவர்களுள் பதின்மர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் ஒருவரான, பெர்மாண்ட்சி கன்னியர் மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், அம்மையாருக்கு உற்ற துணையானார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் ஆங்கிலிக்கன் சபையினர். ஆயினும் அன்று தோன்றிய நட்பு, 1874-இல் அன்னை கிளேர் மறையும் வரை நிலைத்தது.

நவம்பர் 4-ஆம் நாள் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரிக்கு வந்து சேர்ந்தனர். இன்று இஸ்தான்புல் மாநகரின் ஒரு பகுதியாக உள்ள இடம் அது. பெரியதொரு படைவீடு மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. போதிய படுக்கை இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. கட்டடத்தின் அடியிலோ அடைபட்ட சாக்கடை. அம்மையார் சமையலறை அமைத்தார், சலவைக்கு ஏற்பாடு செய்தார், இரவுதோறும் விளக்கோடு வலம் வந்தார். வீரர்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர்.

அங்கே அவரை வருத்திய மற்றொன்றும் உண்டு. இறந்தவர்களின் எண்ணிக்கையை மூன்று வெவ்வேறு ஏடுகளில் மூவர் எழுதி வந்தனர். அடக்கம் செய்தவர்களின் பட்டியல் ஒன்று, மருத்துவர்களின் கணக்கு ஒன்று, அலுவலகக் கணக்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை! ஒரு தாயின் மகன் இறந்ததைக்கூடச் சரியாக எழுதி வைக்காத இடத்தில், அவன் ஏன் இறந்தான் என்பதை எவ்வாறு அறிவது?

கணக்கு சொன்ன கசப்பான உண்மை

அம்மையாரின் அயரா உழைப்புக்குப் பின்னும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில், அங்குச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. குழுவினர் சாக்கடைகளைத் திறந்து கழுவினர். குப்பைகளையும் செத்த விலங்குகளையும் அகற்றினர். குடிநீர் வரும் வழியைத் தூய்மை செய்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்திற்குள் மரணம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது.

1856 ஆகஸ்டில் போர் முடிந்து நாடு திரும்பிய அம்மையார், வரவேற்பு விழாக்களைத் தவிர்க்க வேறு பெயரில் பயணம் செய்து வீடு சேர்ந்தார். நாடு அவரைக் கொண்டாடியது. அவரோ போர்க்காலக் கணக்கேடுகளை எடுத்து வைத்துக் கொண்டு, வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் வல்லுநரோடு அமர்ந்தார். பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றிய இவர், மரணக் கணக்குகளை ஆராய்வதில் தேர்ந்தவர்.

1855 ஜனவரி மாதக் கணக்கைப் பாருங்கள். படையின் சராசரி எண்ணிக்கை 32,393. அம்மாதம் காயத்தால் இறந்தவர் 83 பேர். காலரா, சீதபேதி, காய்ச்சல் போன்ற தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர் 2,761 பேர்! பிற காரணங்களால் 324 பேர். அந்த வேகத்தில் ஓராண்டு சென்றிருந்தால், எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமலே அத்தனை பேரும் அழிந்திருப்பர்.

போர் நடந்தபோது, உணவும் உடையும் பற்றாக்குறையானதே இத்தனை சாவுக்கும் காரணம் என்று அம்மையார் எண்ணியிருந்தார். கணக்கோ வேறொன்றைச் சொன்னது. போர்முனையின் சிறு மருத்துவமனைகளைவிட, தாம் பணி செய்த ஸ்கூட்டாரியிலேயே சாவு மிகுதி. தம் கண்ணெதிரே இருந்த சாக்கடையே பல்லாயிரம் பேரைக் கொன்றது. புகழின் உச்சியில் இருக்கும் ஒருவருக்கு இது எத்தகைய இடி! மறைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவர் மறைக்கவில்லை. ஸ்கூட்டாரியின் கணக்கைத் தம் கையாலேயே எழுதி வெளியிட்டார். செத்தவர்களுக்கு இனி உயிர் கொடுக்க இயலாது. ஆனால் அவர்களது கணக்கு இனி வருவோரைக் காக்கும் என்று நம்பினார்.

படமாக மலர்ந்த எண்கள்

எண்கள் நிறைந்த அட்டவணையை அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். எனவே வண்ணப் படம் ஒன்றை வரைவித்தார். ஒரு வட்டம், ஆண்டின் பன்னிரு மாதங்களுக்குப் பன்னிரு இதழ்கள். மரணம் பெருகிய மாதத்தின் இதழ் பரந்து விரிந்திருக்கும். குறைந்த மாதத்தின் இதழ் சிறுத்திருக்கும். தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. முதலாண்டுப் படத்தில் நீலம் பரந்து கிடக்கிறது. சுகாதாரக் குழு வந்த பின் அடுத்த ஆண்டுப் படத்தில் அது சுருங்கிப் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பார்வையில் புரிந்து கொள்வர்.

அமைதிக் காலத்திலும் இங்கிலாந்தின் படைவீடுகளில் வாழும் இளம் வீரர்கள், வெளியே வாழும் அதே வயதினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு இறந்தனர் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார். அரசு விழித்தது. படைவீடுகள் சீர்செய்யப்பட்டன. படை மருத்துவக் கல்லூரியும், படைக்கெனப் புள்ளிவிவரத் துறையும் தோன்றின. 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அம்மையாரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவரே!

1860-இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் ஓர் அரிய திட்டத்தை அம்மையார் வைத்தார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகையான படிவத்தில் நோயாளிகளின் கணக்கை எழுத வேண்டும். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர், எத்தனை நாள் தங்கினர் என்பன அனைத்தும் ஒரே முறையில் பதிவாக வேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்றை ஒப்பிட இயலும். மாநாடு அதனை ஏற்றது. ஆனால் மருத்துவமனைகள் யாவும் அதனைப் பின்பற்றவில்லை.

நம் நாட்டின் மீது அன்பு

அம்மையார் ஒருமுறையும் இந்திய மண்ணில் கால் வைத்ததில்லை. உடல்நலம் குன்றிப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்த ஆண்டுகள் அவை. ஆயினும் இந்தியாவிலுள்ள படைநிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள்கள் அனுப்பப்பட்டன. மூட்டை மூட்டையாக வந்த விடைகளை அவர் ஆராய்ந்தார். 1863-இல் அரசுக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. இங்கிருந்த ஆங்கில வீரர்களுள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்தனர் என்பதை அது காட்டியது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பத்தாண்டுகளில் அந்த எண் 18 ஆகக் குறைந்ததை அம்மையார் மகிழ்ச்சியோடு எடுத்துரைத்தார். பின்னர் அவரது கவனம் வீரர்களிலிருந்து நம் கிராம மக்களிடம் திரும்பியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, நீர்ப்பாசனமே மக்களைக் காக்கும் என்று வாதாடினார்.

அம்மையாரிடமும் குறை உண்டு. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நெடுநாள் நம்பினார்; கிருமிகளைப் பற்றிய புதிய கொள்கையை ஏற்கத் தயங்கினார். காரணத்தை அவர் தவறாகக் கருதிய போதும், தூய்மை உயிர் காக்கும் என்று கணக்கு காட்டிய வழி தவறவில்லை.

1907-இல் பிரிட்டனின் உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், குடும்பத்தினர் அவரது எளிமைக்கேற்ப ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில் அடக்கம் செய்தனர். கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. பெயரின் முதலெழுத்துகளும் பிறந்து மறைந்த நாள்களுமே உள்ளன.

நமக்கு ஒரு பாடம்

தோழியரே! இன்று எக்ஸ்ரே படத்தை ஆராய்ந்து நோய்க்குறியைச் சுட்டிக்காட்டும் கணிப்பொறிகள் உள்ளன. பக்கவாதம் வந்தவர் மீண்டும் நடை பழகும்போது அவரது ஒவ்வோர் அடியையும் அளக்கும் கருவிகள் உள்ளன. விளையாட்டு வீராங்கனையின் ஓட்டத்தையும் இதயத் துடிப்பையும் கணக்கிட்டு, காயம் நேரும் முன் ஓய்வு கொடுக்க உதவும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. இவை அனைத்தும் எதைக் கொண்டு கற்கின்றன? மனிதர் எழுதி வைத்த கணக்கைக் கொண்டே. ஸ்கூட்டாரியின் மூன்று ஏடுகளைப்போல அக்கணக்கு பிழையானால், எத்துணை அறிவுள்ள கணிப்பொறியும் பிழையாகவே சொல்லும். ஏழைகளின் நோயும் பெண்களின் நோயும் ஏட்டில் ஏறாவிட்டால், அவர்கள் கணிப்பொறியின் கண்ணுக்கும் தென்பட மாட்டார்கள்.

நம்மில் சிலர் நாளை செவிலியராகலாம், மருத்துவராகலாம், கணிப்பொறி வல்லுநராகலாம். எப்பணி செய்யினும், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனித முகம் உண்டு என்பதை மறவாதிருப்போம். கணக்கு நம்மையே குற்றம் சாட்டினாலும் அதனைத் திருத்தி எழுதாத துணிவு நமக்கு வேண்டும். கணக்குப் பாடம் எதற்கு என்று சலித்துக் கொள்ளும் வேளையில், அதனைக் கற்பதற்காக வீட்டிலேயே போராடிய அந்தப் பெண்ணை நினைத்துக் கொள்வோம். அன்பெனும் விளக்கை ஒரு கையிலும், உண்மையெனும் கணக்கை மறு கையிலும் ஏந்தி நாமும் நடப்போமாக!