ஜாயிண்ட் தெரியக் கூடாது! - கார்ப்பெட் தறி கண்ட எராஸ்டஸ் பிகலோ



பெரிய ஹோட்டலிலோ தியேட்டரிலோ தரை முழுக்கக் கார்ப்பெட் விரித்த ஹாலுக்குள் நுழைந்தால் நாம் என்ன செய்வோம்? அண்ணாந்து விளக்கைப் பார்ப்போம், சுவரைப் பார்ப்போம். கீழே பார்ப்பது யார்? அடுத்த முறை போனால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அவ்வளவு அகலத்துக்கு ஒரே துண்டாகக் கார்ப்பெட் வருவது அபூர்வம். எங்கேயோ இரண்டு துண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஜாயிண்ட் எங்கே? தேடியும் கிடைக்கவில்லை என்றால், இணைத்தவர் கை தேர்ந்தவர் என்று அர்த்தம்.

ஆனால் பாராட்டு முழுவதும் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டு துண்டுகள் பூவுக்குப் பூ, கொடிக்குக் கொடி பொருந்துகிற மாதிரி நெய்து கொடுக்க ஒரு தறி வேண்டும். அந்தத் தறிக்காகத் தன் இளமையைச் செலவழித்த ஒரு மனிதரின் கதைதான் இது. அவர் பெயர் எராஸ்டஸ் பிரிகாம் பிகலோ.

டாக்டராக வேண்டிய பையன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் பாயில்ஸ்டன் என்ற சின்ன ஊர். அங்கே 1814 ஏப்ரல் 2-ம் தேதி எராஸ்டஸ் பிறந்தார். அப்பா பருத்தி நெசவுத் தொழிலில் இருந்தவர். வசதி கிடையாது. சிறு வயதிலேயே பையன் பண்ணை வேலைக்குப் போனான். பிறகு பருத்தி ஆலை வேலை. பையனை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஆசை இருந்து என்ன செய்ய? அப்பாவின் தொழில் நொடித்தது. டாக்டர் படிப்பும் அதோடு போயிற்று!

நம்மில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை மாதிரி இருக்கிறது? மார்க் போதாமலோ, பணம் போதாமலோ, நினைத்த படிப்பு ஒன்று, கிடைத்த படிப்பு ஒன்று என்று வந்து சேர்ந்தவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. எராஸ்டஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. சிறுவனாக இருந்தபோதே, கால்சட்டையைத் தோளில் மாட்டும் சஸ்பெண்டர் பட்டை நெய்ய ஒரு கைத்தறி செய்திருந்தார். துணி ஓரத்தில் வைத்துத் தைக்கும் கயிறு செய்ய ஒரு கருவியும் செய்தார். அதில் வந்த காசில் கொஞ்ச காலம் லெஸ்டர் அகாடமியில் படித்தார். பாஸ்டனில் துணிக்கடையில் வேலை பார்த்தார். சுருக்கெழுத்தைத் தானே கற்று, பிறரும் ஆசிரியரில்லாமல் கற்க 1832-ல் ஒரு புத்தகமே போட்டார். அப்போது அவருக்கு வயது 18!

கம்பியை இழுக்கும் இரும்புக் கை

அந்தக் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டிகளின் உள்பக்கத்தில் அலங்காரப் பட்டை ஒன்று வைத்துத் தைப்பார்கள். கோச் லேஸ் என்று பெயர். அதன் மேற்பரப்பில் நூல் வளையம் வளையமாக எழுந்து நிற்கும். நெய்யும்போது நூலுக்கு அடியில் மெல்லிய கம்பியைச் செருகி, வளையம் அமைந்ததும் உருவி எடுக்க வேண்டும். செருகு, நெய், உருவு, மறுபடி செருகு. எல்லாம் கைவேலை. இதை இயந்திரத்தால் செய்ய முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1837-ல் பிகலோ அதைச் செய்து காட்டினார். கம்பியைத் தானே செருகி, தானே உருவும் விசைத்தறி! பேடன்ட் வாங்கியபோது வயது 23. அண்ணன் ஹொரேஷியோவும் சேர்ந்து லங்காஸ்டர் என்ற ஊரில் ஆலை தொடங்கினார்கள். ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதி 1850-ல் கிளின்டன் என்ற தனி ஊராயிற்று.

எட்டுத் துண்டு, ஏழு தையல்

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம்.

அன்றைய கார்ப்பெட் எல்லாம் ஒடுக்கமான துண்டுகள்தான். இன்கிரெய்ன் என்ற தட்டையான வகை 36 அங்குல அகலம். வளையம் எழும்பி நிற்கும் பிரஸ்ஸல்ஸ் வகை 27 அங்குலம். நாமே கணக்குப் போடலாம். அறை 18 அடி அகலம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 அடி என்றால் 216 அங்குலம். 27-ஆல் வகுத்தால் 8 துண்டு. எட்டுத் துண்டை ஒட்ட ஏழு ஜாயிண்ட். ஒவ்வொன்றும் 20 அடி. ஆக, ஓர் அறைக்கு 140 அடி நீளத் தையல்! துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, கரையோடு கரை சேர்த்து, மெழுகு தடவிய கெட்டி நூலால் ஊசி கொண்டு கையாலேயே தைப்பார்கள். பிறகு பல் வைத்த இழுப்பானால் இறுக்கி இழுத்து, சுவரோரம் சுற்றிலும் சின்ன ஆணி அடிப்பார்கள்.

தையல் கஷ்டம், ஆனால் அதுகூடப் பெரிதில்லை. டிசைன் பொருந்த வேண்டுமே! ஒரு பூ இந்தத் துண்டில் பாதி, அடுத்த துண்டில் பாதி. 2 அடிக்கு ஒரு தடவை டிசைன் திரும்ப வருகிறது என்று கொள்ளுங்கள். ஒரு துண்டில் ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் கூடிப் போனால், 20 அடிக்குப் பத்துத் தடவையில் இரண்டரை அங்குலம் தள்ளிப் போய்விடும். இந்தக் கோடியில் பூவாக இருப்பது அந்தக் கோடியில் வெட்டுப்பட்ட பூசணிக்காய்! தைப்பவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும்.

கைத்தறிக்காரர் இதை எப்படிச் சமாளித்தார்? கண்ணாலும் கையாலும்தான். அளந்து பார்த்து டிசைன் நீளம் குறைந்திருந்தால் அச்சுப் பலகையை மெதுவாக அடிப்பார். கூடியிருந்தால் ஓங்கி அடிப்பார். பாவு தளர்ந்து மேற்பரப்பு மேடு பள்ளமானால் எடைக்கற்களை மாற்றிக் கட்டுவார். நாடா ஓடியபிறகு ஊடை இழை கரையில் சரியாக உட்காராவிட்டால் விரலால் ஓர் இழுப்பு. அவ்வளவுதான்! ஆனால் அந்த அவ்வளவுதானுக்குப் பின்னால் வருஷக்கணக்கான அனுபவம் இருக்கிறது. இயந்திரத்துக்குக் கண் ஏது, விரல் ஏது?

லோவெல் நகரில் ஒரு சவால்

1839-ல், 25-வது வயதில், லோவெல் நகர ஆலை ஒன்றுக்கு இன்கிரெய்ன் கார்ப்பெட் நெய்யும் விசைத்தறி செய்து தருவதாகப் பிகலோ ஒப்பந்தம் செய்துகொண்டார். கைத்தறியில் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 8 கெஜம் நெய்வார். முதல் தறி 10, 12 கெஜம் நெய்தது. பலருக்கு இதுவே போதுமென்று தோன்றியிருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த தறி 18 கெஜம். மேலும் திருத்தியபோது 25 கெஜத்தைத் தாண்டியது.

வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது இரண்டாவது சாதனைதான். முதல் சாதனை, கைத்தறிக்காரர் கண்ணாலும் விரலாலும் செய்த மூன்று காரியங்களை இரும்பிடம் ஒப்படைத்தது. டிசைன் நீளம் மாறக்கூடாது. மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். கரை நேராக, கெட்டியாக இருக்க வேண்டும். நெய்த துணியைச் சுற்றி இழுக்கும் அளவு, பாவின் இறுக்கம், ஊடையின் இழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டுப்பாடு வைத்தார். திங்கட்கிழமை நெய்த துண்டும், அடுத்த மாதம் வேறொரு தறியில் நெய்த துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தின. ஜாயிண்ட் போடுகிறவருடைய வேலையில் பாதி தறியிலேயே முடிந்துவிட்டது!

அடுத்து பிரஸ்ஸல்ஸ் கார்ப்பெட். இதிலும் கம்பி செருகி வளையம் எழுப்ப வேண்டும். ஞாபகம் வருகிறதா? கோச் லேஸில் கற்ற அதே பாடம்! சின்னப் பட்டைக்குக் கண்டுபிடித்த வழி கார்ப்பெட்டின் அகலத்துக்கு வளர்ந்தது. 1851-ல் லண்டன் மாநகரில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, பிகலோவின் விசைத்தறியில் நெய்த கார்ப்பெட்டுகள் அங்கே வைக்கப்பட்டன. கார்ப்பெட் தொழிலில் உலகுக்கே வழிகாட்டிய நாடு இங்கிலாந்து. அங்கே ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் பெரிய கார்ப்பெட் ஆலையான கிராஸ்லி நிறுவனமே அவரிடமிருந்து உரிமையை விலைக்கு வாங்கியது.

நாணயத்தின் மறுபக்கம்

இதோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

கனெக்டிகட் மாநிலத்தில் தாம்சன்வில் என்ற ஊர் இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கார்ப்பெட் நெசவாளர்கள் அங்கே நிறைய. 1833-ல் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி கோர்ட்டுக்கே போனார். அவர்களுடைய பலம் எது? கையில் இருந்த தொழில்தான். அவர்கள் இல்லாமல் கார்ப்பெட் இல்லை. விசைத்தறி வந்ததும் அந்தப் பலம் போயிற்று. பல வருஷம் பழகிய கைக்கு இருந்த மதிப்பு, தறியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் குறைந்த கூலிக்கு இறங்கியது. ஃபிலடெல்ஃபியா நகரில் மட்டும் கைத்தறிக்காரர்கள் இன்னும் பல ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். அப்புறம் அங்கும் தறிச் சத்தம் அடங்கிப் போயிற்று.

மறுபுறம், பணக்காரர் மாளிகையில் மட்டும் கிடந்த கார்ப்பெட் நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கும் வந்தது. இரண்டும் உண்மை. இயந்திரம் படிக்கிற நாம் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு கைத்தொழிலை இயந்திரத்துக்குள் வைக்கும்போது, அந்தக் கை என்னாகிறது என்று கேட்காமல் போனால் நம் படிப்பு அரைப் படிப்புதான்.

பட்டம் பெறாதவர் போட்ட அஸ்திவாரம்

1861 ஏப்ரல் 10-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநில அரசு ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடத்துக்கு அனுமதி வழங்கியது. இன்று உலகம் முழுக்க எம்.ஐ.டி. என்று சொல்கிறோமே, அதுதான்! அதைத் தொடங்கியவர்களின் பட்டியலில் பிகலோவின் பெயரும் உண்டு. இரண்டே நாளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வகுப்புகள் 1865-ல்தான் ஆரம்பமாயின. காலேஜ் வாசலுக்குப் போக முடியாத பையன், பிற பையன்களுக்குக் காலேஜ் கட்டக் கை கொடுத்தார். 1862-ல் இறக்குமதி வரி பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1864-ல் கம்பளி உற்பத்தியாளர்களின் தேசியச் சங்கத்துக்கு முதல் தலைவரானார். 1879 டிசம்பர் 6-ம் தேதி பாஸ்டன் நகரில் காலமானார்.

இன்றைய ஜாயிண்ட்

இன்று கார்ப்பெட் 12 அடி அகலத்திலேயே கிடைக்கிறது. நம் 18 அடி அறைக்கு ஏழு ஜாயிண்ட் வேண்டாம், ஒன்று போதும். ஊசிக்குப் பதில் பெரும்பாலும் சூட்டில் உருகும் பசை பூசிய டேப். முதலில் இரண்டு துண்டிலும் பைல் ஒரே திசையில் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால், ஒரே ரோலில் வெட்டியதாக இருந்தாலும் இரண்டு நிறமாகத் தெரியும்! வாசலில் ஆள் நடமாடும் இடத்தில் ஜாயிண்ட் வரக்கூடாது. ஜன்னல் வெளிச்சம் ஜாயிண்ட்டுக்குக் குறுக்கே விழாமல் அதன் நீளவாக்கில் விழ வேண்டும். இழை வரிசையை ஒட்டியே கத்தி ஓட வேண்டும். வெட்டிய ஓரத்தில் லேடெக்ஸ் பசை தடவ வேண்டும். இல்லாவிட்டால் நூல் பிரியும்.

பிறகு டேப்பைப் பசைப் பக்கம் மேலே வர அடியில் விரித்து, சீமிங் அயர்ன் என்ற சூட்டுப் பெட்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டே, பின்னாலேயே இரண்டு ஓரங்களையும் ஒட்ட வைத்து அழுத்த வேண்டும். சூடு குறைந்தால் பிடிக்காது. கூடினால் கார்ப்பெட்டின் அடித்துணி கெடும். நன்றாக ஆறிய பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வைத்து இழுக்கலாம். அவசரப்பட்டால் ஜாயிண்ட் வாயைப் பிளக்கும். நெய்த உயர்தரக் கார்ப்பெட்டுகளை இன்றும் ஊசி நூலால் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கருவி எத்தனை மாறினாலும் பிகலோ சொல்லாமல் சொன்ன பாடம் மாறவில்லை. ஜாயிண்ட்டின் தரம் ஜாயிண்ட் போடும்போது வருவதில்லை. அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வெல்டிங் ஷாப்பில் ஓரத்தைச் சரியாக ராவாமல் ராடைப் பற்ற வைத்து நாம் திட்டு வாங்கினோமே, அதே பாடம்தான்!

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நம்மில் பலர் பிரிந்திருப்போம். நாளை வேலையிடத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய வேலையோடு நம் வேலை சேர வேண்டியிருக்கும். அன்றைக்கு நம் ஓரம் நேராக இருக்கட்டும். மற்றது தானாகப் பொருந்தும்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு