ஆஸ்கரில் இவர் பெயரிலேயே ஒரு விருது... யார் இந்த ஜீன் ஹெர்ஷோல்ட்?

ஆஸ்கர் விழாவைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரு விருதின் பெயரைக் கேட்டிருப்பீங்க. ஜீன் ஹெர்ஷோல்ட் மனிதநேய விருது. ஆட்ரி ஹெப்பர்ன், எலிசபெத் டெய்லர், ஏஞ்சலினா ஜோலி எல்லாம் வாங்கிய விருது இது. வாங்கியவர்களை உலகத்துக்கே தெரியும். ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா பலருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவரும் ஒரு நடிகர்தான்.

1886-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் பிறந்தவர் ஹெர்ஷோல்ட். 1906-ல், அந்த நாட்டில் சினிமா தவழ ஆரம்பித்த காலத்திலேயே குறும்படங்களில் முகம் காட்டினார். 1913-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பேசாத படங்களின் காலம் என்பதால், மொழி பெரிய தடையாக இல்லை.

பாலைவனத்தில் ஒரு சண்டை

அவரைத் திரும்பிப் பார்க்க வைத்த படம், 1924-ல் வந்த 'கிரீட்'. இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். லாட்டரியில் விழுந்த 5,000 டாலரால் இரண்டு நண்பர்கள் பரம எதிரிகளாக மாறும் கதை. பொறாமையில் வெந்து சாகும் மார்க்கஸ் வேடம் ஹெர்ஷோல்டுக்கு.

கிளைமாக்ஸ் சண்டையை செட் போட்டு எடுக்க ஸ்ட்ரோஹைம் சம்மதிக்கவே இல்லை. மொத்தக் குழுவையும் கொளுத்தும் கோடையில் 'மரணப் பள்ளத்தாக்கு' பாலைவனத்துக்கே கூட்டிப்போனார். ஷூட்டிங் முடிந்தபோது ஹெர்ஷோல்ட் சுமார் 12 கிலோ எடை குறைந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை ஸ்டுடியோ வெட்டித் தள்ளியது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம், இரண்டு மணி நேரத்துச் சொச்சமாகச் சுருங்கித்தான் தியேட்டருக்கு வந்தது.

பேசும் படம் வந்ததும் டேனிஷ் வாடை வீசும் ஆங்கிலத்தோடு குணச்சித்திர வேடங்களுக்கு மாறினார். 1932-ல் 'கிராண்ட் ஹோட்டல்' படத்தில் கிரெட்டா கார்போவைச் சுற்றியே எல்லாம் நடக்க, ஒரு ஓரத்தில் ஹோட்டல் சிப்பந்தியாக நிற்பார். மனைவி பிரசவ வலியில் ஆஸ்பத்திரியில் இருக்க, வேலையை விட்டு நகர முடியாமல் தவிக்கும் மனிதர். சின்ன வேடம்தான், ஆனா மனசில் நிற்கும். 1937-ல் 'ஹெய்டி' படத்தில் ஷெர்லி டெம்பிளுக்குத் தாத்தா.

டாக்டர் இல்லாத டாக்டர்

கனடாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து பெண் குழந்தைகளின் கதையை வைத்து 1936-ல் ஒரு படம் வந்தது. அதில் கிராமத்து டாக்டராக நடித்தார் ஹெர்ஷோல்ட். படம் ஹிட். அதே பாத்திரத்தை வானொலிக்குக் கொண்டுபோக நினைத்தார், உரிமை கிடைக்கவில்லை. விடுவாரா? தானே ஒரு டாக்டரை உருவாக்கினார். பெயர், டாக்டர் கிறிஸ்டியன். தனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனிடமிருந்து எடுத்த பெயர்.

1937-ல் தொடங்கிய அந்த வானொலித் தொடர் 1954 வரை ஓடியது. இடையில் டாக்டர் கிறிஸ்டியன் சினிமாவாகவும் ஆறு பாகம் வந்தார். நேயர்களே கதை எழுதி அனுப்பலாம், நல்ல கதைக்குப் பரிசும் உண்டு என்று அறிவித்ததும் கதைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அப்படிப் பரிசு வாங்கிய கல்லூரி மாணவர் ஒருவர்தான், பின்னாளில் 'ட்விலைட் ஸோன்' டிவி தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்.

மக்கள் ஹெர்ஷோல்டை நிஜ டாக்டராகவே நம்பி, உடம்புக்கு என்ன மருந்து சாப்பிடலாம் என்று கடிதம் எழுதிய கதையும் உண்டு.

வாய்ப்பு போனால் வீடும் போச்சு

வெளியே மின்னிய ஹாலிவுட்டின் இன்னொரு பக்கம் வேறு. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் நடிகர்களுக்கு வேலை நின்றுபோகும். லைட்மேன், தையற்காரர், எடிட்டர் நிலைமை அதைவிட மோசம். பென்ஷன் கிடையாது. இவர்களுக்காக 1921-ல் தொடங்கியதுதான் திரைப்பட நிவாரண நிதி. வாரம் 200 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அதில் அரை சதவீதம் கொடுக்க வேண்டும் என்ற திட்டத்தை 1932-ல் மேரி பிக்ஃபோர்ட் கொண்டுவந்தார்.

1930-களின் கடைசியில் இந்த அமைப்பின் தலைவரானார் ஹெர்ஷோல்ட். சுமார் 18 வருடம், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பெரிய நட்சத்திரங்கள் ஒரு வானொலி நிகழ்ச்சியில் சம்பளம் வாங்காமல் நடித்தார்கள், பணம் நிதிக்குப் போனது. 1940-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வால்நட்டும் ஆரஞ்சும் விளைந்த 48 ஏக்கர் தோப்பு, ஏக்கர் 850 டாலருக்கு விலைக்கு வருவதைக் கண்டுபிடித்தவர் ஹெர்ஷோல்ட்தான். நிதியின் நிர்வாகக் குழு நிலத்தை வாங்கியது. கட்டடச் செலவுக்காக அதிலேயே ஏழு ஏக்கரை விற்றார்கள். 1942-ல் ஓய்வுபெற்ற சினிமாக்காரர்களுக்கான இல்லம் அங்கே திறக்கப்பட்டது, 1948-ல் ஆஸ்பத்திரியும் வந்தது.

ஸ்டுடியோக்களோடு மோதல்

1945 முதல் 1949 வரை ஆஸ்கர் அகாடமியின் தலைவரும் இவரே. வெளிநாட்டுப் படங்களுக்கும் விருது தர வேண்டும் என்று வாதாடினார். இத்தாலியின் 'ஷூஷைன்' படத்துக்கு 1948-ல் கொடுத்த சிறப்பு விருதுதான் அதற்கு ஆரம்பம். நம்ம 'தெய்வமகன்', 'நாயகன்' எல்லாம் பிற்காலத்தில் இந்தியா சார்பில் போனது இந்தக் கதவு வழியாகத்தான்.

பிரிட்டிஷ் படங்கள் போட்டிக்கு வந்ததும் ஸ்டுடியோக்களுக்குப் பிடிக்கவில்லை. விழாவுக்கான பண உதவியை நிறுத்தின. ஹெர்ஷோல்ட் அவர்களைப் பகிரங்கமாகவே சாடினார். 1949 விழா, ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத அகாடமியின் சொந்த அரங்கில் நடந்தது. சிறந்த படமாக ஜெயித்தது எது தெரியுமா? பிரிட்டனின் 'ஹாம்லெட்'!

1940, 1950 என இரண்டு முறை அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. இரண்டுமே சேவைக்காக. நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை, 'கிரீட்' வந்தபோது ஆஸ்கரே பிறக்கவில்லை.

இத்தனை வேலைக்கு நடுவில் ஆண்டர்சனின் 160-க்கும் மேற்பட்ட கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1949-ல் ஆறு பாகங்களாகக் கொண்டுவந்தார். டென்மார்க் மன்னர் நைட் பட்டம் கொடுத்தார்.

1956-ல் டாக்டர் கிறிஸ்டியன் டிவிக்கு வந்தபோது ஹெர்ஷோல்டுக்குப் புற்றுநோய். முதல் எபிசோடில் மட்டும் தோன்றி, தன் கிளினிக்கை இளைய டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு விடைபெற்றார். அந்த வேடத்தில் நடித்தவர் மெக்டொனால்ட் கேரி. அதே ஆண்டு ஜூன் 2-ல், 69 வயதில் காலமானார். அகாடமி உடனே அவர் பெயரில் விருதை அறிவித்தது, 1957-லிருந்து கொடுத்து வருகிறது.

கலிபோர்னியாவின் கிளெண்டேலில் உள்ள அவரது கல்லறையில் நிற்பது அவர் சிலை அல்ல. வீட்டில் முட்டாள் என்று கேலி செய்யப்பட்டு, தன் வழி தேடிக் கிளம்பிய ஆண்டர்சன் கதை நாயகன் க்ளோட்ஸ் ஹான்ஸின் சிலை.